மின்கம்பிப் புல்வெளியில் ஒரு செவலைப் பசு

விற்ற கன்றை லோரியில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் காலை அந்தப் பசு எழுப்பிய சத்தம் மாட்டின் சத்தம் மாதிரியே இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டையில் உடைந்து, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளின் தகரக் கூரைகளில் மோதி, செம்பனை வரிசைகளுக்குள் போய் அடங்காமல் அலைந்துகொண்டிருந்தது அது. எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவைப் பத்து பாகாட் டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அப்பா சிங்கப்பூர் கப்பல் பட்டறை வேலைக்குத் திரும்பியிருந்தார். பள்ளி விடுமுறை என்பதால் என்னை யோங் பெங் ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில், அம்மாவின் தங்கை ஸ்டெல்லா சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். பசு சித்தப்பாவுடையது. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய நேரம் போக அவர் நாலைந்து மாடுகள் வைத்திருந்தார்.

அம்மாவுக்கு என்ன என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. "நெஞ்சுல தண்ணி கோத்திருக்கு" என்று பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது காதில் விழும். நான் கிட்டே போனால் பேச்சு மீன் விலைக்கு மாறிவிடும். எப்போது வருவார் என்று கேட்டால் சித்தியிடம் ஒரே பதில், "நாளைக்கு." அந்த நாளை வந்து வந்து போய்க்கொண்டே இருந்தது. நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன், குழாயைத் திறந்து மூடினேன், ஜெபமாலை சொல்லும்போது நடுவில் எழுந்து போய்ச் சன்னல் வழியாகச் செம்மண் பாதையைப் பார்த்தேன். "ஒரு எடத்துல குந்தேன் பாப்பா, ஒன்னப் பாத்தாலே எனக்குத் தல சுத்துது" என்பார் சித்தி. குந்தத்தான் பார்த்தேன். கால் கேட்கவில்லை.

அன்று அந்தப் பசு கத்தக் கத்த, எனக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. சித்தி துணி துவைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கோவிலுக்குப் போடும் வெள்ளைக் கவுனை மாட்டிக்கொண்டு, சமையலறையில் தொங்கிய வாழைச் சீப்பை அம்மாவுக்கென்று அறுத்தெடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டேன். பெரிய ரோட்டுக்குப் போனால் பத்து பாகாட் பஸ் வரும், ஏறினால் அம்மா இருக்கும் இடத்தில் இறக்கிவிடுவார்கள். இவ்வளவுதான் என் திட்டம். பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை.

தோட்டத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே, உயரமான மின்கம்பிகள் போகும் பாதைக்குக் கீழே செம்பனை நட மாட்டார்கள். அந்த நீண்ட வெற்றிடத்தில் புல் மட்டும் வளர்ந்து கிடக்கும். மாடுகளுக்கு அதுதான் மேய்ச்சல் நிலம். பாதி தூரம் வந்த பிறகுதான் பசுவின் சத்தம் நின்றுபோயிருப்பதைக் கவனித்தேன். அது எனக்கு முன்னால் நின்றது. கயிற்றை அறுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும், கழுத்தில் ஒரு முழத்துக்கு மேல் மீதி தொங்கியது. செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. மேயவில்லை. லோரி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. மடி வீங்கிக் கனத்து, காம்பிலிருந்து பால் தானாகப் புல்லில் சொட்டியது.

எனக்கு மாடென்றால் பயம். கொம்பைப் பார்த்தாலே சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறவள். ஓடினால் துரத்தும் என்று யாரோ சொல்லியிருந்ததால் ஓடாமல் நின்றேன். அது மெதுவாகத் தலையைத் திருப்பி, என்னை மேலும் கீழும் பார்த்து, அருகில் வந்து கவுனை மோந்தது, பிறகு கையை மோந்தது. சூடான மூச்சு, பச்சைப் புல்லும் பாலும் கலந்த வாசம். உப்புத்தாளால் தேய்ப்பது போல நாக்கால் என் மணிக்கட்டை நக்கியது. அதன் கண்ணின் ஓரத்தில் ஈ உட்கார்ந்திருந்தது, அதைக்கூட அது விரட்டவில்லை. தலைக்கு மேலே கம்பிகள் ரீங்கரித்தன. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று சொல்லத் தெரியவில்லை. சித்தி வீட்டுக்கு வந்தபின் என் கால்கள் சும்மா இருந்தது அந்த நேரம்தான்.

தூரத்தில் ஏதோ வண்டி கியர் மாற்றும் சத்தம் கேட்டதும் பஸ் நினைவு வந்து ஓடினேன். பின்னால் குளம்புச் சத்தம். திரும்பிப் பார்த்தால் பசு வந்துகொண்டிருக்கிறது. "போ! வீட்டுக்குப் போ!" என்று கத்தினேன், கையை வீசினேன். நின்றது, நான் நடந்ததும் மறுபடி வந்தது. வாழைப்பழ வாசத்துக்குத்தான் வந்ததோ என்னவோ. ரோட்டு மேட்டில் நான் ஏறி நின்றபோது அது என்னைத் தாண்டி, தார் ரோட்டில் ஒரு காலை எடுத்து வைத்துவிட்டது. பனங்குலை ஏற்றிய லோரி ஒன்று ஹாரனை அலறவிட்டபடி வளைந்து போன காற்றில் என் கவுன் முகத்தில் அடித்தது. அறுந்த கயிற்றை எட்டிப் பிடித்து, இரண்டு கையாலும் என்னால் முடிந்த மட்டும் இழுத்தேன். பசு மேட்டுக்கு வந்தது. அதே நேரம் பஸ்ஸும் வந்தது.

வேகம் குறைத்து எனக்கு நேராக நின்று, கதவு திறந்தது. மலாய்க்கார டிரைவர் என்னையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நைக் தா?" என்று கேட்டார். ஏறுகிறாயா, இல்லையா? படி என் முட்டி உயரத்தில், அவ்வளவு பக்கத்தில் இருந்தது. கயிற்றை விட்டால் ஏறிவிடலாம். விட்டால் அது மறுபடி ரோட்டுக்குப் போகும். இல்லையென்று தலையை ஆட்டினேன். பஸ் போய்விட்டது. அது கண்ணுக்கு மறையும்வரை சும்மா இருந்துவிட்டு, பிறகு ஓவென்று அழுதேன்.

அம்மாவுக்கு எடுத்துவந்த பழங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, ஊட்டி, பசுவைத் திரும்ப நடத்திக்கொண்டு வந்தேன். கடைசிப் பழம் தீர்ந்த இடத்தில் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிள் எதிரே வந்தது. பின்னாலிருந்து குதித்து இறங்கிய சித்தி, "அலமாக்! எங்கடி போன நீ?" என்று கேட்டு முதுகில் ஒரு அடி வைத்தார், வைத்த கையாலேயே என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். "அம்மாகிட்ட" என்றேன். சித்தப்பா கயிற்றை என் கையிலிருந்து வாங்கினார். உள்ளங்கை சிவந்திருந்ததைப் பார்த்தார்.

"நாளைக்கு நாளைக்குன்னு இன்னும் எத்தன நாளைக்குச் சொல்லுவ? சாயந்தரம் நான் கூட்டிட்டுப் போறேன்."

"சின்னப் புள்ளைங்கள அந்த வார்டுக்குள்ள விடமாட்டாங்க லா" என்றார் சித்தி.

"உள்ள விடாட்டி வெளிய நிப்போம்."

வெளியேதான் நின்றோம். ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தில் என்னை நிற்க வைத்துவிட்டு, சித்தப்பா யாரிடமோ சொல்லி அனுப்பினார். மாடியில் வரிசையாகச் சன்னல்கள். ஒன்றில், ஆஸ்பத்திரியின் பச்சைச் சட்டையில், இளைத்துப்போன ஒரு உருவம் வந்து நின்று கையை ஆட்டியது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். குதித்தேன். அந்தச் சின்ன உருவம் அம்மாதான் என்று எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அன்றிரவு படுத்ததும் தூங்கிவிட்டேன்.

அடுத்த சில நாளில் பசு கத்துவதை நிறுத்திவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல மேயத் தொடங்கியது. அதன்மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. பள்ளி திறந்து பல வாரம் கழித்து அம்மா வீடு வந்தார்.

இப்போது கூலாய் டவுனில் அம்மா என்னோடுதான் இருக்கிறார். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அம்மாவோடு பத்து பாகாட் போகும்போது அந்த இடத்தில் காரை நிறுத்தினேன். தோட்டம் கைமாறி, லயங்களை இடித்துவிட்டார்கள். ரோட்டு ஓரம் முழுக்க வேலி. உள்ளே லோரிகள் நிறுத்தும் சிமெண்டுத் தரை. மாடு மேய ஒரு பிடி புல் கிடையாது. சித்தப்பா காலமாகிவிட்டார். பசுவைப் பற்றியும் சன்னலைப் பற்றியும் அம்மாவிடம் நான் இவ்வளவு விரிவாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

"மூக்குக் கண்ணாடி இல்லாம எனக்கு அப்பவே தூரத்துல ஒண்ணும் தெரியாதுல்ல" என்றார் அம்மா. "அன்னைக்கு வந்தது நீதான்னு சொன்னாங்க. ஆனா அதுக்கு முன்னாடியும் தெனம் சாயந்தரம் சன்னல்ல போய் நிப்பேன். கீழ சின்னதா ஏதாச்சும் ஆடுனா நீயா இருக்கும்னு கை காட்டுவேன். அடுத்த கட்டில் சீனத்தி சிரிப்பா."