எந்த சாப்ட்வேரில் கோட்டு இருக்கிறது?

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் புது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டிசைன் படிக்கச் சேர்ந்திருக்கிறாளாம். "அங்கிள், நீங்க அந்தக் காலத்துலயே கம்ப்யூட்டர் படிச்சவராமே. படம் எடிட் பண்ண எந்த சாப்ட்வேர் போடலாம்?" என்று கேட்டுவிட்டு, கைபேசியைப் பார்த்து ஒரு பட்டியலை வாசித்தாள். பன்னிரண்டு பெயர்கள். ஏழாவதிலேயே எனக்குக் காது அடைத்துவிட்டது. "எதுல கோட்டு இருக்குதோ அதைப் போடும்மா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சரி அங்கிள்" என்று மரியாதையாக எழுந்து போய்விட்டாள். அவளிடம் விளக்க முடியாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

கோட்டு என்றால் முதலில் என் மூக்குக்குத்தான் நினைவு வரும். முகப்பவுடர், பாச்சா உருண்டை, இரும்பு மில்லில் இருந்து நேராக வந்தவர்களின் வேர்வை, எல்லாம் கலந்த ஒரு வாசனை. கும்மிடிப்பூண்டி பஜாரில் காதர் பாய் வைத்திருந்த ஸ்டுடியோவில் ஆணியில் தொங்கிய ஒரே கோட்டு அது. வாங்கும்போது கறுப்பாக இருந்ததாக பாய் சொல்வார். நான் பார்த்தபோது அது எந்த நிறம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அப்போது எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். தொழிற்பேட்டையில் கான்ட்ராக்டில் சேருகிறவர்கள் அடையாள அட்டைக்குப் படம் எடுத்தால் கோட்டு போட்டுத்தான் எடுப்பார்கள். கம்பெனி கேட்டதில்லை. ஆனாலும் கீழே லுங்கி, மேலே கோட்டு என்று நின்றால்தான் வேலைக்குச் சேர்ந்த மாதிரி இருக்கும். பெண் பார்க்க அனுப்பவும் அதே படம்தான். பாயின் கோட்டுக்கு முதுகு கிழிந்திருக்கும். குண்டான ஆளுக்கு அந்தக் கிழிசலை விரித்து விடுவார், ஒல்லியான ஆளுக்கு இழுத்துத் துணி கிளிப் போடுவார். முதுகைக் காட்டி யார் படம் எடுக்கிறார்கள்?

ஆள் எடுக்கும் நாட்களில் அந்த ஒரு கோட்டுக்காகப் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். வெறுத்துப்போய்த்தான் பாய் கம்ப்யூட்டர் வாங்கினார். மாட்டிக் கொடுக்க வந்த ஆள் நேர்மையானவர்.

"பாய், இந்த மெஷினுக்கு மூளை கம்மி. போட்டோஷாப்பு, கோரல்டிரா, ரெண்டுல ஒண்ணுதான் தாங்கும். எது வோணும்?"

"எதுல கோட்டு கீது?"

"கோட்டு எதுலயும் கெடையாது பாய். நாமதான் போடணும்."

"பின்ன இன்னாத்துக்குய்யா சாப்ட்வேரு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நிலையில், அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார வேலை கேட்டு வந்த இரண்டு பேர் இருந்தோம். ஒருவன் நான். ஆரணியில் இருந்து (பட்டுச்சேலை ஆரணி இல்லை, எங்கள் பக்கத்துச் சின்ன ஆரணி) தினமும் பொன்னேரிக்கு பஸ் பிடித்துப் போய் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவன். அங்கே சொல்லிக்கொடுத்தது கோரல்டிரா மட்டும். இன்னொருத்தி ஸ்டெல்லா. சென்னையில் ஒரு கலர் லேபில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தாள். அவளுக்குப் போட்டோஷாப் தவிர வேறு தெரியாது. ஆக, எந்த சாப்ட்வேரோ அந்த ஆளுக்கு வேலை. பாய்க்கு ஆளும் சாப்ட்வேரும் வேறு வேறு என்றே தெரியாது. என்னைக் கோரல் என்றும் அவளைப் போட்டோஷாப் என்றும்தான் வீட்டில் சொல்லி வைத்திருந்தார்.

எனக்கு அந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். என் நைனா மில்லில் கான்ட்ராக்ட் தொழிலாளி. "பொங்கலுக்குள்ள ஒரு வேல பாத்துக்க. இல்லன்னா எங்கூட மில்லுக்கு வந்துடு" என்று சொல்லியிருந்தார். மில் என்றால் நாள் முழுக்க உலைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். ஸ்டுடியோவிலோ கம்ப்யூட்டருக்கு என்று தனி அறை, தனி ஃபேன். செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எனக்கு அது சொர்க்கம்.

ஒன்றை அழித்து இன்னொன்று என்று இரண்டையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, பாய் ஒரு பரீட்சை வைத்தார். கட்டம்போட்ட சட்டையில் நிற்கும் ஏழுமலை என்ற மில்காரரின் படத்தைக் கொடுத்து, "இவருக்குக் கோட்டு மாட்டுங்க. யாருது நல்லாக்குதோ அவங்க நாளைலேர்ந்து வேலைக்கு வாங்க" என்றார்.

நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கோரல்டிராவில் ஒரு கோட்டு வரைந்தேன். பொத்தான்கள்கூட வட்டம் பிசகாமல் இருந்தன. பாய் தள்ளி நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார். "கோட்டு சோக்கா கீது தம்பி. ஆனா ஆளு கேரம்போர்டு மாதிரி கீறாரு" என்றார். உண்மைதான். ஏழுமலையின் தலை ஒரு தகரப் பலகையின் மேல் மறந்து வைத்ததுபோல இருந்தது.

ஸ்டெல்லா வரையவே இல்லை. "யாராச்சும் அந்தக் கோட்ட மாட்டிக்கினு நில்லுங்க பாய். ஒரு போட்டோ எடுத்தா போதும்" என்றாள். பாய் சுற்றும் முற்றும் பார்த்தார். அங்கே இருந்த ஒரே ஒல்லியான ஆள் நான். "தம்பி, நீ மாட்டிக்க." கூப்பிட்டால் போய் நிற்கும் குணம் எனக்கு அப்போதே உண்டு. போட்டியாளன் என்பதை மறந்து, நெஞ்சை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு, ஸ்கேன் செய்து, என் தலையை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டு ஏழுமலையின் தலையை வைத்தாள். கலெக்டர் ஆபீசில் இருந்து இறங்கி வந்தவர் மாதிரி இருந்தார் ஏழுமலை.

"உன் சாப்ட்வேரு எழுத்துக்கு நல்லது தம்பி. நம்ம கடைக்கு எழுத்தா வருது? மூஞ்சிதான வருது" என்று பாய் என் தோளைத் தட்டினார். என்னைத் தோற்கடித்ததே அந்தத் தோள்தான்.

அந்த மாதம் மில்லில் நைனாவின் கான்ட்ராக்டரிடம் இருந்த முப்பது பேருக்கும் அட்டையைப் புதுப்பித்தார்கள். நைனா உட்பட எல்லோரும் பாயிடம்தான் படம் எடுத்தார்கள். யாரும் கோட்டு மாட்டவில்லை. முப்பது தலைக்கும் என் உடம்பு. கடைசியில் நானும் மில்லில் வேலைக்குச் சேர அட்டை வேண்டுமே, பாயிடம் போனேன். "உனக்குத் தலைய மாத்தவே வாணாம்பா" என்று சிரித்துக்கொண்டே ஸ்டெல்லா என் அசல் படத்தை அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுத்தாள்.

கேட்டில் செக்யூரிட்டி என் அட்டையை வாங்கிக்கொண்டார், திருப்பித் தரவில்லை. எல்லோரும் ஒரே கோட்டில் இருப்பது அவருக்குப் பழகிய விஷயம். ஆனால் ஒட்டிய தலைகளுக்கெல்லாம் கழுத்தைச் சுற்றி மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. என் கழுத்தில் இல்லை.

"எல்லாருக்கும் கழுத்தாண்ட கோடு கீது. உனக்கு எங்க? டூப்ளிகேட்டா?"

"சார், இது என் உடம்பு சார்" என்றேன்.

"அப்ப மத்தவங்களுது யார் ஒடம்பு?"

பின்னால் நைனாவும் ஏழுமலையும் மற்றவர்களும் ஷிஃப்டுக்கு வரிசையில் நின்றிருந்தார்கள். நான் வாயைத் திறந்தால் முப்பது பேரின் அட்டையும் போய்விடும். நைனா வேகமாக முன்னால் வந்தார். "தப்பாயிடிச்சு சார். பையன் தெரியாம பண்ட்டான். வேற எடுத்தாறோம்." எனக்கு அழுகையே வந்துவிட்டது. உலகத்திலேயே நிஜமான ஒரே அட்டை அது, அதற்கு மன்னிப்புக் கேட்கிறார் மனிதர்.

திரும்ப ஸ்டுடியோவுக்கு ஓடினேன். ஸ்டெல்லா என் தலையை நறுக்கி எடுத்து, என் உடம்பின் மேலேயே ஒட்டி, கழுத்தில் கோடு தெரிகிறதா என்று இரண்டு முறை பார்த்து அனுப்பினாள். செக்யூரிட்டி புதுப் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அட்டையில் ஒட்டிக்கொடுத்து உள்ளே விட்டார்.

இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. காதர் பாய் இல்லை. ஸ்டெல்லா கல்யாணமாகி எந்த ஊருக்குப் போனாள் என்று தெரியாது. படம் எடுத்தால் கைபேசியே கோட்டு மாட்டிவிடுகிறது, எந்தக் கழுத்திலும் கோடு விழுவதில்லை. நைனா போய் ஆறு வருடம் ஆகிறது. அவருக்கென்று வீட்டில் இருந்த ஒரே நல்ல படம் அந்த அட்டையில் இருந்ததுதான். அதைத்தான் பெரிதாக்கி மாலை போட்டிருக்கிறோம். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "உங்கப்பா வயசு காலத்துல இன்னா நிமிர்வா இருந்துகீறாரு!" என்கிறார்கள். ஆமாம் என்று தலையாட்டுவேன். முகம் மட்டும்தான் அவருடையது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும் யார் நம்புவார்கள்? அந்த உடம்பு இப்போது என்னிடமும் இல்லை.