நோட்டில் எழுதாத பலகாரம்

வகுப்பில் சாக்பீஸ் கைதவறி விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழ அளவில் ஏதோ பிதுங்கி நிற்பது கையில் தட்டுப்பட்டது. படுத்தால் உள்ளே போய்விடும். வெள்ளிக்கிழமை, மூன்றாம் பீரியட் என்று டைரியில் இருக்கிறது. வீட்டில் சொல்ல எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று.

மதுரையில் பார்த்த டாக்டர் குடலிறக்கம் (வயிற்றுச் சுவர் தளர்ந்து, அந்த வழியாகக் குடல் வெளியே தள்ளுவது) என்றார். தைத்தால் சரியாகும். ஆனால் எண்பத்து நான்கு கிலோ உடம்பில் தையல் நிற்காது, பன்னிரண்டு கிலோ குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். அதற்குள் குடல் அந்த ஓட்டையில் சிக்கிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து என்பதையும் மறைக்கவில்லை.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மூன்று பிள்ளை பெற்றவள். என் அம்மாவும் கனத்த உடம்புக்காரி. ஒக்கூரில் வேலை பார்த்தவரை பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வேளையும் வெயிலில் நடந்தேன். காரைக்குடிக்கு மாற்றலாகி வந்தபின் பள்ளிக்கூடம் அடுத்த தெரு. ஐந்து வருஷத்தில் ரவிக்கை அளவு நான்கு முறை மாறியது.

தினமும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும், சாப்பிடுவதையெல்லாம் நோட்டில் எழுத வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. எழுதுவது எனக்குச் சுலபம். இட்லி இரண்டு, சோறு ஒரு கரண்டி என்று ஒரு வேளை விடாமல் எழுதினேன்.

நடப்பதுதான் முடியவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண் காரணமில்லாமல் நடந்தால் வாசலுக்கு வாசல் நிறுத்துவார்கள்.

"டீச்சர், எங்குட்டு இம்புட்டு வேகமாப் போறீக? உள்ள வாங்க" என்பார் நான்காவது வீட்டு வள்ளியம்மை ஆச்சி. "கை நனைக்காமப் போனா எனக்கு மருவாதியா?"

அவர் மகள் என்னிடம் படிக்கிறாள். மறுக்க முடியாது. வெல்லம் போட்டு எண்ணெயில் சுட்ட கந்தரப்பம் இரண்டு, காபி. ஆறாவது வீட்டில் சீயம். நடந்து திரும்புவதற்குள் வயிறு நிறைந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்து எடை ஒரு கிலோ கூடியிருந்தது. டாக்டர் என் நோட்டை இரண்டு முறை புரட்டினார்.

"இதைச் சாப்பிட்டு யாருக்கும் எடை கூடாது. வேறென்ன சாப்பிட்டீங்க?"

"ஒன்றுமில்லை டாக்டர்." மனதறிந்து பொய் சொல்லவில்லை.

பக்கத்தில் இருந்த என் கணவர் தொண்டையைச் செருமினார். "ஆச்சி வீட்டுக் கந்தரப்பம்?"

"அது சாப்பாடாங்க? மரியாதைக்குக் கை நனைச்சது."

"ஓகோ, மரியாதைன்னா வயித்துக்குள்ள போகாதா?" என்றார் டாக்டர். அவர் சிரிக்கவில்லை. எனக்குக் காது சுட்டது.

இதே நோயோடு இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மறுப்பதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். வயிற்று நோயை வெளியில் சொல்ல நான் வெட்கப்பட்டேன். பலகாரத் தட்டைத் தள்ளி வைத்த அன்று ஆச்சியின் முகம் சுண்டிப்போயிற்று.

"ஏன் டீச்சர், எங்க வீட்டுப் பண்டம் ஒங்களுக்கு ஆகாமப் போச்சா?"

சொல்லிவிட்டேன். பிதுங்கியதை, ஆபரேஷனை, எல்லாவற்றையும். ஆச்சி உள்ளே பார்த்து, "ஏத்தா, டீச்சருக்கு வெந்நி மட்டும் கொண்டா" என்றார். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? வீடு வீடாக் கூப்பிடத்தான் செய்வாக. பேசாமக் கோயிலச் சுத்துங்க. அங்க ஒருத்தரும் மறிக்க மாட்டாக."

மறிக்கவில்லை. பிரகாரத்தில் நாளொன்றுக்கு நாற்பது சுற்று. என் மகள் கல்யாணத்துக்கு வேண்டுதல் என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. பிரசாதப் பொங்கலை அப்படியே பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிடுவேன். சில வாரம் எடை நூறு கிராம்கூட நகராது. சலித்துப்போய்த் தூணில் சாய்ந்து நின்ற நாட்கள் பல.

பன்னிரண்டு கிலோ குறையப் பதினான்கு மாதம் ஆயிற்று. குடல் சிக்கவில்லை. ஆபரேஷன் முடிந்தது. "இளைச்சுத் துரும்பாயிட்டீக, வீட்டுல எதும் கஷ்டமா?" என்று இப்போது கேட்கிறார்கள்.

எடை ஏறினால் தையல் விட்டுவிடும், ஆயுள் முழுக்கக் கவனம் வேண்டும் என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். குணமான தேதியைச் சிவப்பு மையில் எழுத நினைத்திருந்தேன். அப்படி ஒரு தேதி இல்லை. காலையில் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, மெல்ல எழுந்து உட்காருகிறேன். தளர்ந்த வயிற்றுத் தோல் மடியில் மடிந்து கிடக்கிறது. அது என்னுடையது என்று பிடிபடச் சிறிது நேரம் ஆகிறது. அதன் பிறகுதான் காலைத் தரையில் வைக்கிறேன்.