அமுதா அக்கா வெட்டிய வாவல் மீன்

மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சும்போது ஒரு வாசனை வரும்... அந்த நாட்களில் எங்கள் கோவில்பத்து வீட்டுக் கொல்லை முழுக்க அதுதான். விரல் நுனியில் காய்ந்த பசை, துணி துவைக்கும்போது மெல்லிய தோலாக உரிந்து வரும்.

கல்யாணமான புதிது. பிறந்தது நெடுங்காடு, வாக்கப்பட்டது கோவில்பத்து. டிகிரி இருந்தது, வேலை இல்லை. வாழ்த்து அட்டை, காகிதத் தோடு, பரிசுப் பை என்று எதையாவது செய்துகொண்டே இருப்பேன். என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்ததும், இந்தக் காகிதக் குப்பையை எப்போது எடுக்கப் போகிறாய் என்றுதான் கேட்பார்.

முதல் கைவினைக் கண்காட்சி காரைக்கால் கடற்கரைக்குப் பக்கத்தில். பந்தல் போட்டு ஆளுக்கொரு மேஜை கொடுத்திருந்தார்கள். காலையிலேயே கடல் காற்று ஆரம்பித்துவிட்டது. நான் அழகாக அடுக்கி வைத்த அட்டைகள் எல்லாம் மணலில்... பொறுக்கிக்கொண்டு திரும்பினால், பக்கத்து மேஜைக்காரர் இரண்டு பந்தல் காலுக்கு நடுவே நூல் கட்டி, என் அட்டைகளைத் துணி கிளிப்பில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"காத்துக்கு எதுக்க அடுக்கக் கூடாது தங்கச்சி. அது பாட்டுக்கு ஆடட்டும்."

அவர்தான் அமுதா அக்கா. கருக்களாச்சேரி. வீட்டில் வலை பழுது பார்ப்பவர். அவர் மேஜைக்கு மேலே காகித மீன்கள் தொங்கின. பழைய காலண்டரின் வழவழப்பான தாளில் வெட்டிய வாவல் மீன்கள். காற்றுக்கு ஒவ்வொன்றும் மெதுவாகத் திரும்பி, நின்று, மறுபடி திரும்பும். நூல் மட்டும் முறுக்கிக்கொள்ளவே இல்லை.

எப்படி என்று கேட்டேன். தொழில் ரகசியத்தை யார் சொல்வார்கள்? அக்கா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, வலைக்குப் போடும் முடிச்சைப் போட்டுக் காட்டினார்.

"நடுவுல ஒரு பாசிமணியக் கோத்துடு. அப்பதான் சுத்தும்."

ஆறேழு மாதம் கழித்து அடுத்த கண்காட்சி. என் மேஜை முழுக்க மீன்கள். பளபளப்புத் தாள், ஒவ்வொன்றிலும் என் பெயர் அச்சடித்த சின்ன அட்டை. அக்கா வந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் ஒரு மீனைச் சுற்றிவிட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது, வால் மட்டும் கொஞ்சம் கனம் என்று சொல்லிவிட்டு, இரண்டு மேஜை தள்ளிப் போய்த் தன் மீன்களைத் தொங்கவிட்டார். பார்த்துச் செய்ததில் அவருக்கு வருத்தமே இல்லை.

அதோடு விட்டிருக்கலாம்...

மத்தியானம் யாருக்குப் பரிசு என்று முடிவு செய்ய, மேஜை மேஜையாகப் பார்த்துக்கொண்டு ஓர் அதிகாரி அம்மா வந்தார். அன்றைக்கென்று என் வீட்டுக்காரரும் மாமியாரும் வந்து பக்கத்தில் நின்றிருந்தார்கள். அந்த அம்மா மீனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"இத நீங்களே யோசிச்சுப் பண்ணீங்களா?"

"ஆமாங்க மேடம். என்னோட சொந்த ஐடியா."

'சொந்த' என்ற வார்த்தையை அவர் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன்.

அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அமுதா அக்காவின் மேஜைக்கு முன்னால் நின்றார். அங்கேயும் அதே மீன். என் பக்கம் கை காட்டி அக்காவிடம் கேட்டார்.

"அவங்ககிட்ட கத்துக்கிட்டீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். நான் வாய் திறப்பதற்கு நேரம் கொடுத்தார், அவ்வளவுதான். நான் குனிந்து மேஜைக்கு அடியில் கத்தரிக்கோலைத் தேடினேன். கத்தரிக்கோல் என் கையிலேயே இருந்தது.

"ரெண்டு பேரும் சேந்துதாங்க செய்யிறோம்" என்றார் அக்கா.

அப்போதும் நான் நிமிரவில்லை.

பரிசு எனக்குத்தான். வீட்டுக்காரர் முதன்முறையாக என்னைப் பெருமையாகப் பார்த்தார், போட்டோ எடுத்தார். நான் திரும்பும்போது அக்கா மீன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வால் மடங்காமல் நடுவே தாள் வைத்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் வரை கூட இருக்கவில்லை. கிளம்பிவிட்டீர்களா அக்கா என்று கேட்டேன்.

"நீங்க பாருங்க. யாவாரம் நடக்குற நேரம்."

அதுவரை அவர் என்னை 'நீங்க' என்று சொன்னதே இல்லை.

அதற்குப் பிறகு எந்தக் கண்காட்சிக்கும் அவர் வரவில்லை. கருக்களாச்சேரி ஒன்றும் தூரமில்லை, வண்டியில் போய்வரலாம். பன்னிரண்டு வருடமாக நான் போகவில்லை.

போன மாதம் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. அவரே அடையாளம் கண்டு, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார். பஸ் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவசரமாகச் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் பஸ் வரும் பக்கம் பார்த்தார்.

"எனக்குத்தான் தெரியுமேம்மா. தெரியாதவங்ககிட்ட சொல்லிருக்கணும் நீங்க."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அப்போது ஒரு மீன் வெட்ட அரை நாள் ஆகும், பார்க்கப் பத்துப் பேர் நின்றாலே பெரிது. இப்போது மெஷின் வெட்டித் தருகிறது. இந்தப் பக்கத்தில் என் மீன் போட்டோ ஒன்றைப் போட்டால், முகம் தெரியாதவர்கள் எல்லாம் ஹார்ட் போடுகிறீர்கள். எப்படி இப்படியெல்லாம் தோன்றுகிறது என்று கேட்கிறீர்கள். நானும் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன்... அன்று குனிந்த மாதிரியே.

அந்தப் பந்தலில் இருந்த சிலர் இதைப் படிப்பீர்கள். என் வீட்டுக்காரரும் படிப்பார், அவருக்கும் இதுவரை தெரியாது.

எனக்குத் தோன்றியதல்ல அது. கருக்களாச்சேரி அமுதா அக்காவிடம் நான் கற்றுக்கொண்டது.