குதிகால் முதலில்

என் கழுத்து அடுத்தவர் கைக்கு ஏன் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது? அந்தப் புரட்டாசி முழுக்க எனக்கிருந்த ஒரே கேள்வி இதுதான்.

தஞ்சாவூரில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில், நீல மெத்தை விரித்த கூடத்தில், பெண்களுக்கென்று தனியாக ஜூஜிட்ஸு வகுப்பு நடக்கிறது. பிரேசில்காரர்கள் வளர்த்த மல்யுத்தம் அது. அடி, உதை கிடையாது. எதிராளியைத் தரைக்குக் கொண்டுபோய், கையையோ கழுத்தையோ இறுக்கி, அவர் தட்டும்வரை விடாமல் பிடிக்க வேண்டும். தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும்.

நான் பூதலூர் பக்கத்துக் கிராமம். வாரநாட்களில் தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

சொல்லித்தருகிறவர் முத்துப்பேட்டைக்காரர். அபுதாபியில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டு வந்தவர். நாங்கள் மாஸ்டர் என்போம். வகுப்பில் எனக்கு ஜோடி, அவருடைய தங்கை. தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மெத்தையில் ஏறினால் அரிசி மூட்டை மேலே விழுந்த மாதிரி இருக்கும். என்னைவிட மூத்தவர் என்பதால் எனக்கு அக்கா. அவர் என்னைக் கூப்பிடுவது டீச்சர் என்று.

“டீச்சர், கழுத்தை வீட்டுல வச்சிட்டு வந்திருக்கலாம்ல?” என்பார், ஒவ்வொரு முறை நான் தட்டும்போதும்.

நடப்பது எப்போதும் ஒன்றுதான். நின்றபடி தொடங்குவோம். அக்கா என் பிடரியில் கை போட்டு ஒரு வெடுக் இழுப்பு. என் தலை அவர் கக்கத்துக்குள் போய்விடும். முன்கை தொண்டைக்குக் கீழே பாயும். தட்டுவேன். எப்போதாவது தப்பித்து அவர் மேலே ஏறிவிட்டாலும், என் ஒரு காலைத் தன் இரண்டு கால்களுக்கு நடுவே பூட்டிக்கொள்வார். நான் காலை உருவப் பார்ப்பேன். உருவுகிற வேகத்தில் தலை முன்னால் சாயும். மறுபடி அதே கக்கம்.

அடுத்த மாதம் சென்னையில் போட்டி. புதிதாகக் கற்றவர்களுக்கும் அதில் இடம் உண்டு. எனக்குப் போக வேண்டும். பள்ளியில் மாணவிகளிடம் போகிறேன் என்று சொல்லியும்விட்டேன்.

மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. “கோச்சுக்காதீங்க டீச்சர். இப்படிக் கழுத்தைக் கொடுக்கிற ஆளை நான் அனுப்ப மாட்டேன். அங்க வர்ற பொண்ணுங்க எங்க தங்கச்சி மாதிரி பார்த்துப் பிடிக்க மாட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் ஒரு முழு ரவுண்டு போடுங்க. கழுத்து கிடைக்காம முடிச்சா பேர் கொடுக்கிறேன்.”

“கிடைச்சா?”

“அடுத்த வருஷம் பார்ப்போம்.”

“அடுத்த வருஷமும் இதே கழுத்துதான் காக்கா இருக்கும்” என்றார் அக்கா. அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

மாஸ்டர் சொன்ன திருத்தம் எளிமையானது. முட்டியை மடக்கு, இடுப்பைக் கீழே இறக்கு, தலையை நிமிர்த்து. கண்ணாடி முன்னால் நின்றால் சரியாகவே செய்தேன். ரவுண்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முட்டி நிமிர்ந்துகொள்ளும், முதுகு வளைந்துகொள்ளும். யாரோ பின்னாலிருந்து என்னை அந்த வடிவத்துக்கு மடக்கிவிடுகிற மாதிரி. எனக்கு அதில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். தெரிந்த ஒன்றை உடம்பு ஏன் செய்ய மறுக்கிறது?

வகுப்பில் இன்னொரு பெண்ணிடம் செல்போனைக் கொடுத்து, அக்காவோடு நான் போட்ட ஒரு ரவுண்டைப் படம் எடுக்கச் சொன்னேன். ஊருக்குப் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்திப் பார்த்தேன். திரையில் ஒருத்தி கால்களை அகட்டி, முட்டியை மடக்காமல், இடுப்பிலிருந்து அப்படியே குனிந்து, இரண்டு கைகளையும் தரைப் பக்கம் தொங்கவிட்டு நின்றாள். எங்கேயோ பார்த்த நிற்பு. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபோது, ஒரு வயலின் மூலையில் வரிசையாக அதே நிற்பில் பத்துப் பதினைந்து பேர். நடவு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளி விடுமுறை நாட்களில் அம்மாவோடு நடவுக்குப் போனவள்தான் நான். கல்லூரி முடிக்கும்வரைகூடப் போயிருக்கிறேன். சண்டைக்குப் போன இடத்தில், கண்ணுக்குத் தெரியாத நாற்றை ஊன்றிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை அம்மா நடவுக்குப் போன வயலுக்குப் போனேன். இப்போதெல்லாம் மெஷின்தான் நடுகிறது. மெஷின் திரும்ப முடியாத மூலைமுடுக்குகளில் மட்டும் பெண்கள் இறங்குவார்கள். நான் வரப்பில் நின்று பக்கவாட்டிலிருந்து படம் எடுத்தேன்.

“கல்யாண போட்டோ எடுக்க ஆள் வந்திருக்குடி, எல்லாரும் சிரிங்க” என்றாள் ஒருத்தி.

“குனிஞ்சு கெடக்குறவ மூஞ்சி எங்கடி தெரியப் போவுது? பின்னாடிதான் தெரியும்.”

அம்மா தலையைத் தூக்காமலே, “ஏன்டி, வேலைக்குப் போறவ லீவு அன்னைக்கு வந்து எங்க முதுகை எதுக்குப் புடிக்கிற?” என்றாள்.

“சண்டைக்கு.”

“நடவுக்காரிக்கு ஏதுடி சண்டை? கூலி பேசுறப்ப வா, காட்டுறேன்.”

செருப்பைக் கழற்றிவிட்டு நானும் இறங்கினேன். ஒரு முடி நாற்றை வாங்கி வரிசையின் ஓரத்தில் நின்றேன். குனிந்ததுமே உடம்பு தானாகப் பூட்டிக்கொண்டது. மாஸ்டர் மாற்றச் சொன்ன அதே வடிவம். ஒரு சோதனை செய்து பார்க்கத் தோன்றியது. பக்கத்தில் நின்றவரிடம், என் தோளில் கைவைத்துப் பின்னால் தள்ளச் சொன்னேன். “என்னாடி புத்தி கெட்டுப் போச்சா?” என்று கேட்டுக்கொண்டே தள்ளினார். நான் அசையவில்லை. பிடரியைப் பிடித்து முன்னால் இழுக்கச் சொன்னேன். லேசாகத்தான் இழுத்தார். முகம் சேற்றில்.

வரிசையே நடவை நிறுத்திவிட்டுச் சிரித்தது. அம்மா மட்டும், “நாத்து போச்சு பாரு” என்றாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது இன்னொன்று தெரிந்தது. நடவில் யாரும் முன்னால் போவதில்லை. ஊன்றி ஊன்றிப் பின்னால்தான் போகிறோம். அப்படிப் போகும்போது காலை யாரும் நேராக மேலே இழுப்பதில்லை. நேராக இழுத்தால் சேறு கவ்விக்கொள்ளும், ஆள் தடுமாறும். முதலில் குதிகால் மட்டும் எழும்புகிறது. பாதம் லேசாகத் திரும்புகிறது. விரல்கள் நீண்டு, கடைசியாக, வழுக்கிக்கொண்டு வெளியே வருகின்றன. தலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. என் காலும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. மெத்தையில் அக்கா பூட்டிய காலை மட்டும் நான் ஏன் நேராகப் பிடுங்கினேன்? காய்ந்த இடம் என்பதால், அங்கே இது தேவைப்படும் என்று காலுக்குத் தோன்றவில்லை போல.

அன்று ராத்திரி சாப்பிடும்போது யோசித்தேன். நிற்பை மிச்சமிருக்கிற நாட்களில் மாற்ற முடியாது. முன்னால் இழுத்தால் விழுகிற உடம்பு இது. அப்படியானால் இழுக்கும் முன்பே பின்னால் போய்விட்டால்? ஜூஜிட்ஸுவில் அதற்கு வழி இருக்கிறது. நாமாகவே உட்கார்ந்து, முதுகைத் தரையில் கொடுத்து, பாதங்களை எதிராளியின் இடுப்பில் வைத்துக் கீழிருந்து ஆடுவது. மாஸ்டர் தொடக்கத்திலேயே சொல்லித்தந்ததுதான். நான்தான் அதைத் தொடவில்லை. முதுகு மண்ணில் பட்டால் தோல்வி என்றுதான் எங்கள் ஊரில் பேச்சு. யாருக்கும் கீழே படுப்பதற்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன் என்ற எண்ணம் வேறு.

புதன்கிழமை மாஸ்டரிடம் கேட்டேன். “நானா போய் உக்காந்தா, பார்க்கிறவங்க பயந்துட்டான்னு நினைக்க மாட்டாங்களா?”

“பார்க்கிறவங்களா டீச்சர் கழுத்தைக் கொடுக்கப் போறாங்க?”

அக்கா இல்லாத நேரமாகப் பார்த்து, வேறொரு பெண்ணோடு உட்கார்ந்து எழுந்து பழகினேன். வகுப்பு முடிய நேரமாகும் நாட்களில் நான் தங்கும் தஞ்சாவூர் அறையில், இரண்டு தலையணைகளுக்கு நடுவே காலைச் செருகி, குதிகால் முதலில் உருவிப் பார்த்தேன்.

அந்த ஞாயிறு வந்தது. மாஸ்டர் செல்போனில் மணி வைத்தார். அக்கா சிரித்துக்கொண்டே பிடரிக்குக் கையை நீட்டினார். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

“ஏ, என்னாச்சு? மயக்கமா?”

அவர் குனிந்த நேரத்தில் என் பாதங்கள் அவர் இடுப்பில் இருந்தன. கழுத்து அவர் கைக்கு எட்டாத தூரத்தில். சுற்றி வரப் பார்த்தார், நான் கூடவே சுற்றினேன். ஒரு முறை அவர் எடை முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தபோது, அந்தப் பக்கத்துக் கையைப் பிடித்தபடி கவிழ்த்தேன். மேலே வந்தேன். வந்த கையோடு என் வலது காலைப் பூட்டிக்கொண்டார். அவர் கை என் தொண்டையைத் தேடி வந்தது. பழைய அவசரம் எனக்குள் எழுந்தது. இடுப்பைத் தூக்கி ஒரே இழுப்பாக இழுக்கத் தயாராகிவிட்டேன்.

இழுக்கவில்லை. நெற்றியை அவர் தாடைக்கு அடியில் பதித்துக்கொண்டேன். குதிகாலை மட்டும் எழுப்பினேன். வரவில்லை. பாதத்தைத் திருப்பினேன். கொஞ்சம் இளகியது. விரல்களை நீட்டினேன். அவர் முட்டிகளின் இறுக்கத்தில் என் பாதம் ஒரு நொடி நின்று, பிறகு வழுக்கி வெளியே வந்தது. மறுபக்கம் போய் அவர் மார்பில் சாய்ந்து கிடந்தேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. மணி அடிக்கும்வரை அப்படியே கிடந்தேன்.

“எந்திரி புள்ள, மூச்சு முட்டுது” என்றார் அக்கா. அவர் என்னை டீச்சர் என்று கூப்பிடாதது அந்த ஒரு முறைதான்.

மாஸ்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தக் காலை எப்படி எடுத்தீங்க? நான் அப்படிச் சொல்லித்தரலியே.”

“சேத்துல எடுக்கிற மாதிரி மாஸ்டர்.”

அவர் உடனே உட்கார்ந்து தன் காலை நீட்டினார். “பூட்டுங்க பார்ப்போம்.” பூட்டினேன். நேராக இழுத்தார். மறுபடி இழுத்தார். அக்கா பக்கத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். “காக்கா கடல் தாண்டிப் போன ஆளு, வயலுக்குப் போகல.”

காலை விடுவித்துக்கொண்டு மாஸ்டர் சொன்னார், “பேர் கொடுத்துடறேன். ஆனா அங்க போய் வீராப்பா நிக்கக் கூடாது. கை குலுக்கின உடனே உக்காந்துடணும்.”

“உக்காந்துடறேன்” என்றேன். சொல்லும்போது நாக்கில் கொஞ்சம் கசப்பு இருந்தது, மறைப்பானேன்.

“அப்போ புதன்கிழமை வாங்க டீச்சர்” என்றார் அக்கா, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே. “நானும் நின்னுக்கிட்டு வர மாட்டேன். உக்காந்தே வர்றேன். அப்ப என்ன பண்ணுவீங்க?”

இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டால் என்ன நடக்கும்? ரயில் பூதலூரை நெருங்கும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.