முதல் பீஸ் அம்மனுக்கு

நான் எக்ஸ்ரே பிடிக்கும் பெட்டி செய்கிறேன். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே இல்லை. நட்சத்திரங்களிலிருந்து வருவது. அது காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. அதனால் பெட்டியைச் செயற்கைக்கோளில் ஏற்றி மேலே அனுப்ப வேண்டும்.

இதைக் கோயமுத்தூரில் ஒருவருக்கும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. மோட்டார், பம்பு, கிரைண்டர் செய்கிற ஊர். எதைக் காட்டினாலும் எத்தனை ஹெச்.பி. என்றுதான் கேட்பார்கள். என் பெட்டி சுற்றாது, தண்ணீர் இறைக்காது, மாவும் ஆட்டாது. சும்மா இருந்து பார்க்கும், அவ்வளவுதான். ஒரு கல்யாணப் பந்தியில் என் சித்தப்பா கேட்டார்: "சும்மா இருக்கறதுக்கு எதுக்கு அம்மணி அத்தனை ஒசரம் போகோணும்? எங்கூட்டு மாப்பிள்ளை இங்கயே இருந்து பண்றாரே." பந்தியே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

பத்து வருடத்துக்கு மேல் அலைந்த பிறகு ஒரு செயற்கைக்கோளில் என் பெட்டிக்கு இடம் கொடுத்தார்கள். ஷூ டப்பா அளவு இடம். சொன்ன நாளில் பெட்டியை ஒப்படைக்காவிட்டால் அந்த இடம் அடுத்து காத்திருக்கும் குழுவுக்குப் போய்விடும். அவர்கள் எனக்கு வாழ்த்து அனுப்பினார்கள். அதைப் படித்ததும், எனக்கு அம்மை வந்தால் சந்தோஷப்படுவார்கள் என்று தெரிந்தது.

பெட்டி எல்லாம் தயார். அதன் வாயில் வைக்கும் ஓட்டைத் தகடு ஒன்றுதான் பாக்கி. உள்ளங்கை அகல அலுமினியம், நிறைய பொடி ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் ஊதுபத்திக் குச்சி நுழையும். நேராக வரும் எக்ஸ்ரேயை விட்டுவிட்டு, சாய்ந்து வருவதைத் தடுப்பது அதன் வேலை. அதற்கு ஓட்டையின் சுவர் சொரசொரப்பாகவும் கறுப்பாகவும் இருக்க வேண்டும். வழுவழு என்றிருந்தால் பக்கத்து நட்சத்திரத்தின் எக்ஸ்ரேயும் சறுக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடும்.

சிங்காநல்லூரில் பம்பு பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் வேலையைக் கொடுத்தேன். முதலாளிக்கு அறுபது வயதிருக்கும். வரைபடத்தை விரித்து, கறுப்பு, சொரசொரப்பு என்று எத்தனையோ முறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் "சரிங்க" என்றார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. இங்கே சரிங்க என்றால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம் இல்லை. எதிரே நிற்பவரை எதிர்த்துப் பேசவில்லை, அவ்வளவுதான்.

ஒப்படைக்க ஒரு வாரம் இருக்கும்போது தகட்டை வாங்கப் போனேன். முதலாளியும் அவர் மனைவியும் வாசலுக்கே வந்து கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, மல்லிகைச் சரம். நடுவில் என் தகடு, பெண்ணழைப்புச் சீர் மாதிரி. வெள்ளிக் கிண்ணம் போல் மின்னியது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒவ்வொரு ஓட்டையும் கண்ணாடியாகப் பளபளத்தது. நூலில் பாலிஷ் பசை தடவி, ஓட்டை ஓட்டையாக உள்ளே விட்டு இழுத்துத் தேய்த்தார்களாம். கணவனும் மனைவியும் உட்கார்ந்து செய்தார்களாம்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதினால் இதை அச்சடிக்க மாட்டார்கள். முதலாளி முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேல போறதுங்க அம்மணி. கரி அப்புன மாதிரி அனுப்பிச்சா நாலு பேர் என்னங்க சொல்லுவாங்க?"

"மேலே யாருங்க நாலு பேர்?"

"அதுதானுங்களே தெரியாது."



இன்னொன்று செய்ய நாள் இல்லை. அந்த ரக அலுமினியமும் கையில் இல்லை. தேய்த்ததில் ஓட்டைகள் வேறு பெருத்துவிட்டன. தகட்டைத் திரும்ப வைத்தேன். என் பத்து வருடம் தாம்பாளத்தில் வெற்றிலை மேல் கிடந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிய பக்கத்துச் சுவரில் அம்மன் படம். படத்துக்கு முன்னால் ஊதுபத்தி புகைந்தது. ஊதுபத்தியைச் செருகியிருந்தது ஒரு கறுப்புத் தகட்டில். உள்ளங்கை அகலம். நிறைய பொடி ஓட்டைகள்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். வரைபடத்தில் இருந்தபடியே இருந்தது. கறுப்பு, சொரசொரப்பு, எல்லாம்.

முதலில் செய்தது அதுதானாம். எந்தப் புது வேலை வந்தாலும் முதல் பீஸ் அம்மனுக்கு, இரண்டாவதுதான் வேலை கொடுத்த பார்ட்டிக்கு. அது அந்தப் பட்டறையின் வழக்கம். முதலாவதை நான் சொன்னபடி செய்தார்கள். பார்க்க நன்றாக இல்லை என்று இரண்டாவதைத் தங்கள் இஷ்டப்படி செய்தார்கள். அசிங்கமானதை அம்மனுக்குக் கொடுத்தீர்களே என்று கேட்டேன். அம்மன் கோவிச்சுக்கமாட்டா, பார்ட்டிதான் கோவிச்சுக்கும் என்றார் முதலாளி.

சாம்பலையும் புகைக் கறையையும் கழுவிவிடலாம். அதைக் கொடுங்கள் என்றேன். இவ்வளவு நேரம் பேசாமலிருந்த அவர் மனைவி குறுக்கே வந்து நின்றார்.

"சாமிக்குக் குடுத்ததைத் திருப்பி எடுக்கற பழக்கம் எங்கூட்ல இல்லைங்க கண்ணு."

நான் கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை, மிரட்டுவது போலத்தான் இருந்திருக்கும். கடைசியில் அவர் இறங்கி வந்தது இவ்வளவுதான்: பூப்போட்டுக் கேட்போம், அம்மன் கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சம்மதம். பெண் கொடுக்க, கிணறு வெட்ட, இங்கே எல்லாவற்றுக்கும் இப்படித்தான் கேட்பார்கள். விண்வெளிக் கருவிக்குக் கேட்டது நானாகத்தான் இருப்பேன்.

விஷயம் தெரியாத ஆள்தான் எடுக்க வேண்டுமாம். அந்த நேரம் பார்த்து டீக்கடைக்காரர் கம்பிக் கூடையில் டீயோடு வந்தார். அவரை அம்மன் முன்னால் நிறுத்தினார்கள். அவர் ஏன், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீயை இறக்கி வைத்துவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

சிவப்பு.

ஒரே ஒரு தடவை அளந்துவிட்டு முடிவு சொன்னால் எந்தச் சோதனைச் சாலையிலும் அடிக்க வருவார்கள் என்று அந்த அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மூன்று தடவை கேட்பதுதான் முறை, அதில் இரண்டு தடவை வருவதுதான் பதில், யார் ஒன்றோடு நிறுத்தச் சொன்னது என்றார். பொட்டலங்களைக் கலைத்துப் போட்டார். இரண்டாவது வெள்ளை.

மூன்றாவதற்கு டீக்கடைக்காரர் கையை நீட்டினார். அதற்குள் அவர் போன் அடித்தது. எடுத்து, இங்கே ஒரு பூஜை, முடிச்சுட்டு வாரேன் என்று யாருக்கோ சாவகாசமாகச் சொன்னார். பதவி உயர்வு நேர்காணலில்கூட எனக்கு இப்படி வியர்த்ததில்லை.

வெள்ளை.

அந்த அம்மா தகட்டை எடுத்து, சாம்பலைத் தட்டி, அதிலேயே கொஞ்சம் என் நெற்றியில் பூசி, கையில் கொடுத்தார். பளபளத் தகடு படத்துக்கு முன்னால் போனது. அதில் ஊதுபத்தி நிற்கவில்லை, ஓட்டை பெரிது. இனிமேல் அது அம்மன் பாடு.

கழுவினேன், திரும்பக் கழுவினேன், அடுப்பில் வாட்டினேன். ஒப்படைக்கும் இடத்தில், காற்றில்லாத தொட்டியில் வைத்துச் சோதிப்பார்கள். பொருளிலிருந்து ஏதாவது ஆவி கிளம்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கிருந்த பொறியாளர் தகட்டை மூக்கருகே கொண்டுபோய், இதற்கு முன் இது எங்கே இருந்தது என்று கேட்டார். பொய் சொல்ல எனக்குத் தெரியாது. அம்மன் படத்துக்கு முன்னால் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எந்த அம்மன் என்று கேட்டார். மாரியம்மன் என்றேன். தலையாட்டிவிட்டுத் தொட்டியை மூடினார்.

மறுநாள் மாலை தேறிவிட்டது என்றார்கள். என் பெட்டிக்கு இடம் உறுதியானது. வராந்தாவுக்கு வந்து முதலில் பட்டறைக்குத்தான் போன் செய்தேன், ஏன் என்று தெரியவில்லை. அந்த அம்மா எடுத்தார். பாஸாகிவிட்டது என்றேன்.

"அதுதான் அன்னைக்கே தெரிஞ்சுபோச்சுங்களே" என்றார். "சாப்டீங்களா கண்ணு?"

பத்து வருடம், எத்தனை கணக்கு, எத்தனை பரிசோதனை என்று திட்ட வாயைத் திறந்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இல்லைங்க என்றேன்.