வயிறு நிறைந்த மனிதர்

தீவின் மஹினோக் கரையில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு சட்டி பானைகள் வந்து இறங்கும். ஜீப்னி வண்டியின் கூரையில் சோற்றுப் பானை, ஜன்னலில் வாழையிலைக் கட்டு, மடியில் குழந்தை. ஆட்கள் இறங்குவதற்கு முன்பே கரியடுப்பு இறங்கிவிடும்.

கடலைப் பார்த்து வரிசையாக நிற்கும் ஓலைக் குடில்களைப் பெருக்கி, வருகிறவர்களுக்குக் கரியும் நல்ல தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுப்பது கவுடென்சியோவின் வேலை. ஊருக்கெல்லாம் அவர் நோங் தென்சியோ. பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் அண்ணன். இளம் வயதில் புகித்னோன் அன்னாசித் தோட்டத்தில் முதுகொடிய வேலை செய்துவிட்டு, கல்யாணத்தையும் மறந்துவிட்டு, இந்தத் தீவுக்கே திரும்பி வந்தவர். குறையென்று ஒன்றும் இல்லை. மாலையில் ஒரு குவளை தென்னங்கள், தூங்கக் கயிற்றுத் தொட்டில், எதிரே கடல்.

ஒவ்வொரு குடிலாக அவர் கடக்கும்போதும் உள்ளேயிருந்து குரல் வரும். "நோங், வாங்க சாப்பிடலாம்!" சாப்பிடுகிறவர்கள் கண்ணில் யார் பட்டாலும் கூப்பிட்டாக வேண்டும். கூப்பிடப்பட்டவரோ, "இருக்கட்டும், இப்பதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். அதுதான் அங்கே மரியாதை. பொரித்த பன்றித்தோலின் வாசனை மூக்கைத் துளைக்க, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாத வயிற்றோடு, தென்சியோ அதைச் சொல்லிக்கொண்டே போவார்.

தெக்லாவிடமும் அதையேதான் சொல்லி வந்தார்.

தெக்லா கரையோரம் பலகை போட்டு உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்கள் மீன் வாங்கிக் கொடுத்தால் துண்டு போட்டு, இஞ்சி, வெங்காயம், பச்சை மிளகாயோடு கள்ளுக்காடி ஊற்றி, தபோன்-தபோன் காயைச் சுரண்டிப் பிழிந்து கவிச்சியை எடுத்து, அடுப்பே இல்லாமல் கினிலாவ் ஆக்கித் தருவாள். கூட்டம் ஓய்ந்ததும் தனக்கென்று ஏதாவது சமைப்பாள். தென்சியோ அந்தப் பக்கம் போனால், "வாங்க சாப்பிடலாம்" என்பாள். அவர் வயிறு நிறைந்ததாகத் தட்டிக் காட்டுவார். அவள் தலையசைத்துவிட்டுத் தனியாகச் சாப்பிடுவாள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். தனியாகச் சாப்பிடுவது பழகிப்போயிருந்தது.

அவள் மனதாரக் கூப்பிடுகிறாளா, மரியாதைக்குக் கூப்பிடுகிறாளா? கயிற்றுத் தொட்டிலில் படுத்து எத்தனை யோசித்தாலும் அவருக்குப் பிடிபடவில்லை.

அந்த ஞாயிறு காலை வண்டிக்கார ருஃபினோ சவாரி இறக்கிவிட்டு வந்தான்.

"நோங், சங்கதி தெரியுமா? தெக்லாக்காவை அதோட தம்பி ககயான் பட்டணத்துக்குக் கூப்பிடறானாம். மீன் சந்தையில கடை பிடிச்சுத் தரானாம்."

"நல்லதுதானே."

"மதியம் ஃபோன் பண்ணுவானாம். போறதாத்தான் அக்கா சொல்லுச்சு. 'இங்க ஆக்கிவெச்சா சாப்பிட யாரு இருக்கா, பூனையா?'ன்னுச்சு."

தென்சியோ பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கினார்.

"உங்களைத்தான் தினம் கூப்பிடுதே! நீங்கதான் எப்பவும் நிறைஞ்ச மனுஷன். வயிறா அது, நெல்லுக் கிடங்கா?"

"இன்னிக்குச் சாப்பிடறேன்டா."

"எங்க, சொல்லுங்க பார்ப்போம். வாங்க சாப்பிடலாம்!"

"இருக்கட்டும், இப்பதான்..." என்று ஆரம்பித்துவிட்டு தென்சியோ வாயைப் பொத்திக்கொண்டார். ருஃபினோ வண்டியைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

வாய் இப்படிப் பழகியிருந்தால் மதியம் தெக்லாவிடம் எப்படிச் சரியாகும்? முதலில் வேறெங்காவது சொல்லிப் பார்த்துவிட வேண்டியதுதான். கோடிக் குடிலில் பெரிய குடும்பம் ஒன்று வாழையிலை விரித்துக் கையால் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கரியோடு போனார்.

"வாங்க நோங், சாப்பிடலாம்!" என்றார் தொந்திக்காரர் ஒருவர்.

"சரி" என்றார் தென்சியோ.

ஒரு கணம் யாரும் மெல்லவில்லை. பிறகு குடிலே ஆரவாரித்தது. "அட, உட்காருங்க! ஏய், நகருங்கடா! அண்ணனுக்கு அந்த மொறுமொறு தோலை வை!" சோற்று மலை வந்தது. சுட்ட பன்றி வயிறு வந்தது. வேண்டாம் என்று கையால் இலையை மறைத்தால் கையின் மேலேயே நூடுல்ஸ் வந்து விழுந்தது. "சும்மா வெட்கப்படாதீங்க" என்று தொந்திக்காரர் முதுகில் அறைந்தார். அறைந்த வேகத்தில் இன்னும் கொஞ்சம் இடம் உண்டானது. அதிலும் ஒரு மீன் போனது.

எழுந்தபோது தென்சியோவால் குனிந்து செருப்பைத் தேட முடியவில்லை. வாழ்நாள் முழுக்கச் சொன்ன பொய் அன்றுதான் உண்மையாகியிருந்தது. பார்த்துப் பார்த்து இன்றைக்கா ஆக வேண்டும்!

கூட்டம் ஓய்ந்தது. தெக்லா சட்டியைத் திறந்தாள். நாட்டுக்கோழி, மஞ்சள், எலுமிச்சம்புல், தேங்காய்ப்பால். தீவில் விருந்தாளிக்கு வைக்கும் சுரோல். தனியாளுக்கு யாரும் சுரோல் வைப்பதில்லை.

"வாங்க, நோங் தென்சியோ. சாப்பிடலாம்."

"வரேன்" என்றார் அவர். பெஞ்சில் மெல்ல, பக்கவாட்டில் இறங்கி உட்கார்ந்தார்.

அவள் கரண்டி நின்றது. பிறகு தட்டு நிறையச் சோறு வைத்து, மேலே கோழியை ஊற்றினாள். அவர் ஒரு வாய் எடுத்தார். இத்தனை காலமாக வாசனையில் மட்டும் தெரிந்த ருசி நாக்கில் இறங்கியது. வயிறு முடியாது என்றது, வாய் கேட்கவில்லை. நெற்றியில் வியர்வை அரும்ப, கவளம் கவளமாக உள்ளே தள்ளினார்.

"பசியா?"

"ரொம்ப."

"கோடிக் குடில்ல ஒரு ஊரையே சாப்பிட்டீங்களே, நான் இங்கிருந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

தென்சியோவுக்குப் புரையேறியது. அவள் தண்ணீரை நகர்த்தினாள். முகம் கொஞ்சம் இறுகியிருந்தது. "முன்னப்பின்ன தெரியாதவங்க கூப்பிட்டா உட்காருவீங்க. நான் கூப்பிட்டா மட்டும்தான் நிறைஞ்சிடும்."

"பழகிக்கப் போனேன், தெக்லா."

"எதை?"

"சரின்னு சொல்ல. உன்கிட்ட வந்து வாய் தவறிடக் கூடாதுல்ல."

தெக்லா அவரையே பார்த்தாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு உடம்பு மொத்தமும். மீன் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு அடங்குமுன் ஃபோன் அடித்தது.

"சொல்லுடா... இல்ல, வரலை. கடையை வேற யாருக்காவது குடு... என்ன ஆச்சா? ஒண்ணும் ஆகலை, சாப்பிட்டுட்டு இருக்கோம். அப்புறம் பேசு."

ஃபோனை வைத்துவிட்டு, அவர் தட்டில் மிச்சமிருந்த கோழியை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

"போதும், வெடிச்சிடுவீங்க. நாளைக்கு எங்கயும் போய்ப் பழகாம, வெறும் வயித்தோட வாங்க."