ஓய்னிசாவின் நீலத் தட்டு

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை ஒரு தட்டைக் கழுவியது. பாலாவ் சோறு பரிமாறும் பெரிய நீலத் தட்டு. மகள் ராணோ பிடித்துக்கொண்டாள்; பழைய பல் பிரஷ்ஷால் அடிப்பக்கத்தைத் தேய்த்தார் அப்பா மதாமின்.

கோகந்த் நகரில் பழம்பாத்திரத்துக்கு வயது சொல்ல மதாமினை விட்டால் ஆளில்லை. அருங்காட்சியகத்தில் உடைந்ததை ஒட்டுபவராகச் சேர்ந்தவர். ஓய்வுக்குப் பிறகு, வெளிநாடு போகும் பொருள்களைச் சோதிக்கும் குழுவில் இருந்தார். பழையது எல்லை தாண்டக் கூடாது என்பது சட்டம். சந்தையில் அவர் தலை தெரிந்தாலே, தேநீர்க் கறை ஏற்றிய 'முந்நூறு வருஷத்து' கிண்ணங்களை வியாபாரிகள் துணியால் மூடுவார்கள்.

"ஏன்யா மூடுற? அதுக்கு இன்னும் மீசையே முளைக்கல. காத்தாடட்டும் விடு" என்பார்.

தம் பாத்திரம் பழையதாக இருக்க வேண்டுமென்றுதான் எல்லாரும் வேண்டிக்கொள்வார்கள். பக்கத்துத் தெரு ஓய்னிசா மட்டும், தன் தட்டு புதியதாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டாள். மகள் ஹுமைரா துருக்கியில் வாழ்க்கைப்பட்டவள், நிறைமாதம். தாய்வழித் தட்டை அங்கே கொண்டுபோய்ப் பேரப்பிள்ளைக்கு விருந்து வைக்க ஆசை.

"சொல்லு, ரசாயனக்காரி" என்றார் மதாமின். ராணோவுக்கு ஓட்டுத் தொழிற்சாலை ஆய்வகத்தில் வேலை.

"செடிச் சாம்பல் மெருகுப்பா. ஓரத்துல உதிருது. ஆனா ரிஷ்தான் ஊர்ல குயவருங்க இப்பவும் இதைப் பண்றாங்களே."

"பண்றாங்க. அடி வளையத்தைப் பாரு. கீறல் நாலா பக்கமும் ஓடுது. ஏமாத்துக்காரன் உப்புத்தாள் போட்டா ஒரே பக்கமா ஓடும். இது நாலு தலைமுறை பொம்பளைங்க இழுத்து இழுத்து வச்ச தேய்மானம்."

"நூறு வருஷம்?"

"மேலயே."

அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"போன் போட்டுச் சொல்லிடட்டுமா?"

"வேணாம். காலைல நானே தூக்கிட்டுப் போறேன்."

காலையில் மதாமின் எழவில்லை.

துக்கத்துக்கு வந்த ஓய்னிசா தட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. துக்கம் முடிந்ததும் ராணோ அதைத் துணியில் சுற்றி எடுத்துப் போனாள். புதுசு என்று சொல்லிவிட்டால் என்ன என்று வழியெல்லாம் மனம் அடித்துக்கொண்டது. மதாமின் வாக்கு என்றால் குழு மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்ளும். கேட்க அவரும் இல்லை.

ஓய்னிசா கதவைத் திறந்தாள். உள்ளே பெட்டி திறந்து கிடந்தது. குழந்தைத் துணிகளுக்கு நடுவே வட்டமாக இடம் விட்டிருந்தாள்.

"பழசு, ஓய்னிசா அக்கா. அப்பா பார்த்துட்டாரு. எல்லை தாண்டாது."

ஓய்னிசா பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்கப்பாவா இருந்தா உள்ள வந்து, ரெண்டு கிண்ணம் டீ குடிச்சு, பருத்தி விளைச்சலைப் பேசிட்டு அப்புறம் சொல்லுவாரு. நீ வாசல்லயே போட்டு உடைக்கிறியே."

"எனக்கு அப்படிச் சொல்ல வரலக்கா."

"வராது. உள்ள வா."

தட்டை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, போனைக் காதில் வைத்தாள்.

"ஹுமைரா? தட்டு வராதுடி. பிள்ளை பொறந்ததும் நீதான் தூக்கிட்டு இங்க வரணும்... ஆமா. மதாமின் மாமா சொல்லிட்டாரு."